தோமையாரின் ஐயமும் நம் விவிலிய விசுவாசமும்

யூபிலி என்னும் சொல்லே விவிலியம் நமக்குத் தந்த சொல். ஏழேழு ஆண்டுகள் நாற்பத்தொன்பது கழிந்து, ஐம்பதாம் ஆண்டில் ஆட்டுக்கடாவின் கொம்பை ஊதி விடுதலையை அறிவிக்க வேண்டும் என்று லேவியர் ஆகமத்தின் 25-ஆம் அதிகாரம் கூறுகிறது. விற்ற நிலம் உரியவனுக்குத் திரும்பும். அடிமைப்பட்டவன் தன் வீட்டுக்குத் திரும்புவான். நம் பங்கும் யூபிலி கொண்டாடும் இந்நன்னாளில், ஆலயம் எழுந்த வரலாற்றையும், உழைத்த குருக்கள், கன்னியர், உபதேசியார்கள் ஆகியோரின் தொண்டையும் இம்மலரில் மற்றவர்கள் எழுதியுள்ளனர். நாம் வேறொரு வரலாற்றைச் சொல்ல முற்படுகிறோம். பீடத்தின் மேல் திறந்து வைக்கப்பட்டிருக்கும் அந்தத் திருநூலை நம் முன்னோர் எவ்வாறு நம்பினர், அவர்களுக்கும் ஐயங்கள் எழுந்தனவா, எழுந்தபோது என்ன செய்தனர் என்பதே அந்த வரலாறு.

இதை இப்போது எழுத வேண்டிய தேவை இருக்கிறது. கல்லூரிக்குச் சென்று திரும்பும் மகன், "ஆறே நாளில் உலகம் உண்டானது என்பதை நீங்கள் உண்மையிலேயே நம்புகிறீர்களா?" என்று வீட்டில் கேட்கிறான். அலுவலகத்தில் உடன் வேலை செய்பவர், நோவாவின் பேழையில் அத்தனை மிருகங்களும் எப்படி அடங்கின என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார். கேள்வி கேட்காதவர்களும் இருக்கிறார்கள். நோயுற்ற பிள்ளையோடு மாதக்கணக்கில் மருத்துவமனைக்கு அலைந்த தாய், செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டே, இதைக் கேட்க யாராவது இருக்கிறார்களா என்று உள்ளுக்குள் எண்ணுகிறாள். வெளியே சொல்ல அஞ்சுகிறாள். "அப்படியெல்லாம் நினைப்பதே பாவம்" என்று சிறு வயதில் கேட்ட எச்சரிக்கை அவளைத் தடுக்கிறது. திருச்சபையின் வரலாறு இவர்களுக்கு என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

ஐயமுற்றவரே நம் திருத்தூதர்

நம் மண்ணுக்கு விசுவாசத்தைக் கொண்டு வந்தவர் யார்? கி.பி. 52-இல் கொடுங்கல்லூரில் கரையிறங்கி, 72-இல் பரங்கிமலையில் வேதசாட்சியாக உயிர்விட்டார் என்று மரபு போற்றும் புனித தோமையார். பன்னிருவருள் நமக்குக் கிடைத்தவர், ஐயத்துக்குப் பேர்போன அவரே.

யோவான் நற்செய்தியில் தோமையார் மூன்று இடங்களில் வாய் திறந்து பேசுகிறார். லாசரின் ஊருக்குச் செல்வது உயிருக்கே ஆபத்து என்று மற்றவர்கள் தயங்கியபோது, நாமும் போய் அவரோடு சாவோம் என்றவர் அவர். இறுதி இராவுணவின்போது ஆண்டவர் தாம் போகும் இடத்தைப் பற்றிப் பேச, எல்லோரும் புரிந்தவர்கள் போல் இருக்கையில், இடமே தெரியாதபோது வழி எப்படித் தெரியும் என்று கேட்டவரும் அவரே. உயிர்ப்புக்குப் பின் மூன்றாம் முறை: ஆணிகளின் தழும்பைப் பார்த்துத் தொட்டாலன்றி நம்பமாட்டேன் என்றார். ஆகவே அவர் கோழையுமல்லர், கல்மனம் கொண்டவருமல்லர். புரியாததைப் புரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதவர்.

அதன்பின் நடந்ததை நாம் கவனிக்க வேண்டும். நம்ப மறுத்த தோமையாரை மற்றத் திருத்தூதர்கள் வெளியே தள்ளவில்லை. எட்டாம் நாளில் அவர் அவர்களோடுதான் வீட்டுக்குள் இருந்தார். ஐயத்தோடு இருந்தும் அவரும் கூட்டத்தை விட்டுப் போகவில்லை. ஆண்டவர் வந்தபோது அவரைக் கடிந்து ஒதுக்காமல், கேட்டதையே முன்வந்து காட்டினார். அப்போது தோமையார் அவரைத் தம் ஆண்டவராகவும் கடவுளாகவும் அறிக்கையிட்டார். நான்கு நற்செய்திகளிலும் சீடர் ஒருவரின் வாயிலிருந்து இதைவிட உயர்ந்த விசுவாச அறிக்கை வரவில்லை. பாப்பரசர் பெரிய கிரகோரியார் இப்பகுதியை விளக்கும்போது, நம்பிய சீடர்களின் விசுவாசத்தைவிடத் தோமையாரின் ஐயமே நமக்கு அதிக நன்மை செய்தது என்னும் கருத்தைக் கூறினார். அவர் வாழ்ந்தது 6-ஆம் நூற்றாண்டில்.

விவிலியத்தை வெறுத்த பேரறிஞர்

படித்தவர்கள்தாம் விவிலியத்தை நம்புவதில்லை, அதுவும் இந்தக் காலத்தில்தான் என்று சிலர் எண்ணுகிறார்கள். புனித அகுஸ்தீனாரின் வாழ்க்கை இதற்கு விடை. கி.பி. 354-இல் வட ஆப்பிரிக்காவில் தகாஸ்தே என்னும் ஊரில், புனித மோனிக்காவின் மகனாகப் பிறந்தவர் அவர். பத்தொன்பது வயதில் சிசரோவின் தத்துவ நூல் ஒன்றைப் படித்து ஞானத்தின்மேல் தாகம் கொண்டார். தாயின் வேதமாயிற்றே என்று விவிலியத்தையும் எடுத்துப் பார்த்தார். சிசரோவின் மிடுக்கான நடை எங்கே, இந்த எளிய நடை எங்கே என்று கீழே வைத்துவிட்டார். பழைய ஏற்பாட்டிலுள்ள குலத்தந்தையரின் செயல்களைக் காட்டிப் பரிகசித்த மானிக்கேயர் என்னும் கூட்டத்தாரோடு சேர்ந்து ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் கழித்தார்.

384-இல் சொற்கலை ஆசிரியராக மிலான் நகருக்கு வந்த அகுஸ்தீனார், ஆயர் அம்புரோசியாரின் மறையுரையைக் கேட்கச் சென்றார். பேச்சின் அழகை அளந்து பார்க்கவே சென்றார் என்று தாமே எழுதியிருக்கிறார். எழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தாம் நகைத்த பகுதிகளுக்கு ஆழ்ந்த ஆன்மீகப் பொருள் உண்டு என்பதை அம்புரோசியார் சொல்லக் கேட்டு, மெல்ல மெல்ல மனம் மாறினார். 386-இல் ஒரு தோட்டத்தில், எடுத்து வாசிக்கும்படி ஒரு குழந்தையின் குரல் சொல்வதைக் கேட்டு, சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய நிருபத்தைத் திறந்து வாசித்தார். 387-ஆம் ஆண்டு பாஸ்கா இரவில் ஞானஸ்நானம் பெற்றார். மோனிக்கா அம்மாளின் கண்ணீரைப் பற்றி நாம் பல பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். அந்தக் கண்ணீரோடு, கேள்விக்குப் பொறுமையாக விடை சொல்லத் தெரிந்த ஓர் ஆயரும் தேவைப்பட்டார் என்பதை மறந்துவிடலாகாது.

பின்னாளில் அகுஸ்தீனாரே ஆயராகி ஆதியாகமத்துக்கு உரை எழுதியபோது ஓர் எச்சரிக்கை விடுத்தார். வானத்தையும் விண்மீன்களையும் பற்றி விவரம் அறிந்த புறமதத்தார் முன்னிலையில், கிறிஸ்தவன் ஒருவன் விவிலியத்தின் பெயரால் அறியாமையைப் பேசினால், அவர்கள் உயிர்ப்பைப் பற்றியும் நித்திய வாழ்வைப் பற்றியும் நாம் சொல்வதை எப்படி நம்புவார்கள் என்பது அதன் சாரம். 1,600 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இவ்வெச்சரிக்கை இன்றும் பழையதாகிவிடவில்லை.

செவிவழி வந்த வேதம்

நம் தமிழகத்துக்கு வருவோம். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், தமிழும் போர்த்துக்கீசியமும் அறிந்தவர்களின் துணையோடு செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தார். அவருக்குப் பின் வந்த அண்டிரிக்கி அடிகளார் 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறு நூலை அச்சிட்டார். பதினாறே பக்கங்கள் கொண்ட அந்நூலே இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல். 1579-இல் 'கிரீசித்தியானி வணக்கம்', 1586-இல் 'அடியார் வரலாறு' என்று நூல்கள் தொடர்ந்தன.

ஆயினும் விவிலியம் முழுவதும் தமிழில் நம்மவர் கைக்கு வந்துவிடவில்லை. தரங்கம்பாடியில் லுத்தரன் சபையைச் சேர்ந்த சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1715-இல் அச்சிட்டு முடித்தார். இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுவே. அக்காலத்தில் இரு சபையாருக்கும் இடையே கண்டன நூல்கள் பறந்தன. அந்தக் கசப்பெல்லாம் தணிந்த இந்நாளில், பிரிந்த சகோதரர்கள் தமிழுக்கும் திருநூலுக்கும் செய்த தொண்டை நன்றியோடு ஏற்றுக்கொள்வதே முறை.

அப்படியானால் நம் முன்னோர் விவிலியம் அறியாதவர்களா? அறிந்திருந்தார்கள், செவிவழியாக அறிந்திருந்தார்கள். வீரமாமுனிவர் 1726-இல் இயற்றிய தேம்பாவணி 3,615 பாடல்களில் சூசையப்பரின் வரலாற்றைப் பாடும்போது பழைய ஏற்பாட்டு வரலாறுகளையும் தமிழ்க் காப்பியமாக்கிக் காட்டியது. டச்சுக்காரர் கத்தோலிக்க வேதத்தைத் தடை செய்திருந்த இலங்கையில், மறைந்து வாழ்ந்து தொண்டு புரிந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இயற்றிய 'வியாகுலப் பிரசங்கம்' கடல் கடந்து வந்து நம் தவக்காலங்களை நிறைத்தது. பாஸ்கு நாடகம், அம்மானை, பெரிய வெள்ளியின் புலம்பல், வாசாப்பு ஆகியவற்றின் வழியே எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார்கள்கூட ஆண்டவரின் பாடுகளைக் கண்ணால் கண்டவர்கள் போல் சொல்லக்கூடியவர்களாக இருந்தார்கள். பூசையில் நற்செய்தி லத்தீனில் வாசிக்கப்பட்டாலும் பிரசங்கத்துக்கு முன் தமிழில் சொல்லப்பட்டது.

இந்தச் செவிவழி வேதத்துக்கு ஒரு பலமும் ஒரு குறையும் உண்டு. பலம், அது உள்ளத்தில் பதிந்தது, கஷ்டகாலத்தில் கைகொடுத்தது. குறை, கேட்டதைத் திரும்பச் சொல்லத் தெரிந்ததே ஒழிய, எதிர்த்துக் கேட்பவனுக்கு விடை சொல்லப் பழக்கமில்லை. பிற்காலத்தில் கேள்விக்கணைகள் வந்தபோது இக்குறை வெளிப்பட்டது.

யோபுவின் கதை கேட்ட நீலகண்டன்

செவிவழி கேட்ட விவிலியம் ஒரு மனிதனை எவ்வளவு தூரம் கொண்டு செல்லும் என்பதற்கு நம் அருகிலேயே ஒரு சான்று உண்டு. 1712-இல் குமரி மாவட்டத்து நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரசில் பொறுப்பான பணியில் இருந்தவர். அவருக்கு இழப்புக்குமேல் இழப்பு வந்தது. கால்நடைகள் மடிந்தன, பயிர் அழிந்தது. மனம் நொந்திருந்தவரிடம் காரணத்தைக் கேட்டார் தெலனோய் என்னும் படைத்தலைவர். 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு அதே மன்னரின் படைக்குப் பயிற்சி அளித்து வந்த டச்சு நாட்டுக் கப்பற்படையினர் இவர்.

தெலனோய் அவருக்கு யோபுவின் வரலாற்றைச் சொன்னார். நல்லவனான யோபு, ஆடுமாடுகளையும் பிள்ளைகளையும் உடல்நலத்தையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்த வரலாறு அது. அந்நூலை முழுவதும் வாசித்தவர்களுக்குத் தெரியும், யோபு வாய்பேசாமல் பொறுத்துக்கொண்டவர் அல்லர். தாம் பிறந்த நாளையே சபித்தார். கடவுளை வழக்குக்கு அழைத்தார். நண்பர்களோ, நீ செய்த பாவத்துக்குத் தண்டனை என்று கடவுளுக்காக வாதாடினார்கள். இறுதியில் கடவுள் பேசியபோது, நண்பர்கள் தம்மைக் குறித்துச் சரியாகப் பேசவில்லை, யோபுவே சரியாகப் பேசினார் என்றார். துன்பத்துக்குக் காரணம் இன்னதென்று கடவுள் யோபுவுக்கு விளக்கவில்லை. ஆனால் புயலின் நடுவிலிருந்து அவரோடு பேசினார். அதுவே யோபுவுக்குப் போதுமாயிருந்தது.

நீலகண்டன் 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749-இல் கைதாகி, எருமையின்மேல் ஏற்றப்பட்டு ஊர் ஊராக இழிவுபடுத்தப்பட்டு, 1752 சனவரி 14-இல் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அவரைக் கிறிஸ்துவிடம் அழைத்து வந்தது கேள்விகளால் நிறைந்த ஒரு விவிலிய நூல். அதை எடுத்துச் சொன்னவர் ஒரு பொதுநிலையினர். ஐயங்களுக்கு இடமே தராத நூல் விவிலியம் என்று எண்ணுவோர் இதைச் சிந்திக்கட்டும்.

அறிவியலும் ஆதியாகமமும்

விவிலியத்தின்மேல் எழுந்த ஐயங்களுள் பலரும் அறிந்தது கலிலேயோவின் வழக்கு. பூமியே சூரியனைச் சுற்றுகிறது என்ற அவரை 1633-இல் திருச்சபையின் விசாரணை மன்றம் தண்டித்தது. இதை மூடி மறைப்பதில் பயனில்லை. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1992 அக்டோபர் 31-இல், அன்றைய இறையியலார் தவறிழைத்தனர் என்பதை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். வேடிக்கை என்னவென்றால், விவிலியத்தை எப்படிப் பொருள்கொள்வது என்பதில் கலிலேயோ சொன்னது அகுஸ்தீனார் சொன்னதற்கு நெருக்கமாக இருந்தது.

இந்தப் பாடத்தைத் திருச்சபை மெதுவாகக் கற்றது, ஆனால் கற்றது. 1893-இல் பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர், இயற்கையின் உள்ளமைப்பைக் கற்பிப்பது திருநூல் ஆசிரியர்களின் நோக்கமன்று என்று தம் சுற்றுமடலில் தெளிவுபடுத்தினார். 1943-இல் 12-ஆம் பத்திநாதர், விவிலியத்தில் வரலாறு, கவிதை, உவமை எனப் பல இலக்கிய வகைகள் உண்டு என்றும், அவற்றை அறிந்தே பொருள் காண வேண்டும் என்றும் அறிஞர்களுக்கு வழிதிறந்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18-இல் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏடு, நம் மீட்புக்காக இறைவன் தர விரும்பிய உண்மையைத் திருநூல் பிழையின்றிக் கற்பிக்கிறது என்று போதித்தது.

எனவே ஆறு நாள் பற்றிக் கேட்கும் மகனுக்குத் தந்தை கோபப்படாமல் விடை சொல்லலாம். ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் ஒரு துதிப்பாடல் போன்றது. மாலையும் காலையும் மாறிமாறி வர, பல்லவியோடு நடக்கிறது. சூரியனையும் சந்திரனையும் கடவுளாக வணங்கிய நாடுகளின் நடுவே, அவை விளக்குகளே என்றும், படைத்தவர் ஒருவரே என்றும், மனிதன் ஆணும் பெண்ணுமாக அவர் சாயலில் உண்டானான் என்றும் முழங்குவதே அதன் நோக்கம். பரம்பரைப் பண்புகள் பிள்ளைகளுக்கு வருவதன் விதிகளைப் பட்டாணிச் செடியில் கண்ட மெண்டல் ஓர் அகுஸ்தீனிய சபைத் துறவி. பிரபஞ்சம் விரிந்துகொண்டே செல்கிறது என்று 1927-இல் எழுதிய லெமேத்தர் பெல்ஜிய நாட்டுக் கத்தோலிக்கக் குரு. ஆய்வுக்கூடத்துக்குப் போகும் பிள்ளை ஆலயத்தை விட்டுப் போக வேண்டிய அவசியமில்லை.

விவிலியத்தை இடையில் யாரோ மாற்றி எழுதிவிட்டார்கள் என்று சொல்வோரும் உண்டு. 1947-இல் சாக்கடல் அருகே கும்ரான் குகையில் ஆட்டிடையர்கள் கண்டெடுத்த சுருள்களுள் எசாயாஸ் ஆகமம் முழுவதும் இருந்தது. அதுவரை கைவசமிருந்த எபிரேயப் பிரதிகளைவிட ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு பழைமையானது. எழுத்துக்கூட்டலிலும் சிற்சில சொற்களிலும் வேறுபாடு உண்டு. நூல் அதே நூல்தான். எகிப்தில் கிடைத்து இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் பாதுகாக்கப்படும் யோவான் நற்செய்தித் துணுக்கு 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது அறிஞர் பெரும்பாலோரின் முடிவு. இவை நூல் பத்திரமாக வந்து சேர்ந்தது என்பதைக் காட்டுகின்றன. நூலில் பேசுகிறவரை நம்புவதற்கு ஏடுகள் மட்டும் போதா. அதற்கு அருளும் வேண்டும், உள்ளத்தின் சம்மதமும் வேண்டும்.

நம்மைப் பார்த்து நம்பாமல் போனவர்கள்

1925-இல் சுயமரியாதை இயக்கம் தொடங்கியபின், கடவுள் இல்லை என்னும் குரல் தமிழகத்தின் தெருமுனைகளிலும் ஒலிக்கத் தொடங்கியது. அதற்கு விடையாக நம் தரப்பில் துண்டுப் பிரசுரங்களும் கூட்டங்களும் நடந்தன. ஆனால் பகுத்தறிவாளர்கள் கேட்ட கேள்விகளுள் ஒன்று எந்தப் பிரசுரத்தாலும் விடையளிக்க முடியாதது: எல்லோரும் கடவுளின் பிள்ளைகள் என்று உங்கள் வேதம் சொல்கிறதே, உங்கள் கோவிலுக்குள் ஏன் சாதி?

தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பின்னாளில் எழுந்த ஆலயத்தில் சாதியின் பேரால் மக்களைப் பிரிக்கும் சுவர் இருந்தது. 1910-இல் அச்சுவர் இடிக்கப்பட்டது. மீண்டும் கட்ட வேண்டும் என்று கேட்டுச் சிலர் தொடுத்த வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றும் வெற்றி பெறவில்லை. கல்சுவர் போயிற்று. ஆனால் தனிக் கல்லறை, தனித் தெரு, தனித் தேர் என்று வேறு சுவர்கள் பல ஊர்களில் நீடித்தன. இன்னும் முழுவதும் ஒழிந்தபாடில்லை. இந்திய ஆயர் பேரவை 2016-இல் தலித் மக்களுக்கான கொள்கை ஏட்டை வெளியிட நேர்ந்ததே இதற்குச் சான்று. கிறிஸ்துவில் யூதனென்றும் கிரேக்கனென்றும், அடிமையென்றும் உரிமைக் குடிமகனென்றும் வேறுபாடில்லை என்று புனித சின்னப்பர் கலாத்தியருக்கு எழுதியதை ஞாயிறன்று வாசித்துவிட்டு, திங்களன்று வேறுபாடு பார்த்தால், பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞன் எதை நம்புவான்?

1965 டிசம்பர் 7-இல் சங்கம் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடு இதைத் துணிவோடு ஒப்புக்கொள்கிறது. நாத்திகம் தோன்றுவதற்கு விசுவாசிகளும் ஓரளவு பொறுப்பாளிகள். விசுவாசத்தைத் தவறாக விளக்கியும், வாழ்க்கையில் குறைபட்டும் கடவுளின் முகத்தை மறைத்துவிடுகிறார்கள் என்னும் பொருள்பட அது பேசுகிறது. விவிலியத்தைத் திறந்தே பார்க்காத அண்டை வீட்டார் நம்மைத்தான் நாள்தோறும் வாசிக்கிறார்கள். ஆகவே நாத்திகர்மேல் கோபம் கொள்ளுமுன், நம் தெருவையும் நம் கல்லறைத் தோட்டத்தையும் ஒருமுறை பார்த்து வருவது நல்லது.

கைக்கு வந்த திருநூல்

தாய்மொழியில் வழிபாடு நடத்தச் சங்கம் 1963-இல் வாய்ப்பளித்தபின், பீடத்தில் தமிழ் ஒலித்தது. பொதுநிலையினர் வாசக மேடையில் ஏறினர். கிறிஸ்தவ மக்களுக்குத் திருநூல் தாராளமாகக் கிடைக்க வேண்டும் என்று 1965-ஆம் ஆண்டின் ஏடு பணித்தது. ஏற்கெனவே 19-ஆம் நூற்றாண்டில் லத்தீன் மூலத்தைத் தழுவிக் கத்தோலிக்கத் தமிழாக்கங்கள் வந்திருந்தாலும், அவை குருமடங்களையும் மடங்களையும் தாண்டிப் பெரிதும் பரவவில்லை. சங்கத்துக்குப்பின் திண்டிவனத்தில் இயங்கும் விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையம் இப்பணியில் முன்னின்றது. கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து உழைத்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு 1995-இல் வெளிவந்தது. ஒரு காலத்தில் கண்டன நூல்களை வீசிக்கொண்ட இரு சாராரும் ஒரே மேசையில் அமர்ந்து ஒரே நூலை உருவாக்கினர். நம்பாதவர்களுக்கு இதுவே ஒரு சாட்சியம் அல்லவா?

ஆனால் கைக்கு வந்த நூல் கண்ணுக்கு வந்ததா என்பதே நம் கவலை. திருமணத்திலும் புதுநன்மையிலும் பரிசாகக் கொடுத்த விவிலியம் பல வீடுகளில் அலமாரியில் திருப்படத்தின் அருகே, உறை பிரிக்காமலே இருக்கிறது. படிக்காத நூலைப் பற்றி எழும் ஐயத்தைத் தீர்ப்பது கடினம்.

இருளிலும் விடாமல் பிடித்தவர்கள்

விடை கிடைக்கும் ஐயங்களைப் பற்றி இதுவரை பேசினோம். விடை கிடைக்காத ஐயமும் உண்டு. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள். வேளாங்கண்ணிக்கு வந்திருந்த திருப்பயணிகளுள் எத்தனையோ பேரைக் கடற்கரையில் ஆழிப்பேரலை வாரிக்கொண்டு போயிற்று. குமரிக் கடற்கரையில் பூசைக்குப் போய்வந்த குடும்பங்கள் குடும்பமாக மடிந்தன. திருத்தலத்துக்குள் தண்ணீர் புகவில்லை என்று பலர் நன்றியோடு சொன்னார்கள். ஆனால் கரையில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அது ஆறுதலாகுமா? 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று, கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்திலும் நீர்கொழும்பை அடுத்த கட்டுவாப்பிட்டி ஆலயத்திலும் பூசை கண்டுகொண்டிருந்தவர்கள் குண்டுகளுக்கு இரையானார்கள். மட்டக்களப்பில் சீயோன் தேவாலயத்தில் சிறு பிள்ளைகளும் மாண்டனர். இவற்றுக்கு நாம் காரணம் கற்பிக்க முயன்றால், யோபுவின் நண்பர்களாகி விடுவோம்.

புனிதர்கள் இந்த இருளை அறியாதவர்கள் அல்லர். குழந்தை இயேசுவின் புனித தெரேசம்மாள், 1896 உயிர்ப்பு விழாக்காலம் முதல் 1897 செப்டம்பர் 30-இல் இறக்கும்வரை, மோட்சம் என்று ஒன்று உண்டா என்னும் கொடிய சோதனையில் வாடினார். அந்நாட்களில் விசுவாசப் பிரமாணத்தைத் தம் இரத்தத்தால் எழுதி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். நம்பாதவர்களைத் தம் சகோதரர்களாக எண்ணி, அவர்களோடு ஒரே பந்தியில் அமர்ந்திருப்பதாகக் கூறினார். கல்கத்தா புனித தெரேசாவின் கடிதங்கள் 2007-இல் நூலாக வெளிவந்தபோது, எத்தனையோ ஆண்டுகள் அவர் கடவுளின் உடனிருப்பை உணராமலே ஏழைகளின் புண்ணைக் கழுவி வந்தார் என்பதை உலகம் அறிந்து வியந்தது. உணர்வு வற்றியபோதும் அவர்கள் செபத்தை விடவில்லை, தொண்டையும் விடவில்லை.

1992-இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல் இங்கே நமக்கு ஒரு தெளிவைத் தருகிறது. வேண்டுமென்றே உண்மையைத் தள்ளிவைப்பது ஒன்று. நம்ப விரும்பியும் மனம் தடுமாறுவது வேறொன்று. இரண்டாவதை நாமாக வளர்த்துக்கொண்டே போனால் அதுவும் ஆன்மக் குருட்டில் கொண்டு விடலாம் என்றும் அது எச்சரிக்கிறது. ஆகவே ஐயம் வந்ததற்காக அஞ்சவும் வேண்டாம். வந்ததை அப்படியே விட்டுவைக்கவும் வேண்டாம்.

பங்கு மக்களுக்கு ஒரு வேண்டுகோள்

அன்பார்ந்த பங்கு மக்களே, மாற்கு நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் வலிப்பு நோயுள்ள மகனோடு வந்த தந்தை ஒருவரைக் காண்கிறோம். தம்மிடம் விசுவாசம் இருக்கிறது என்று சொன்ன அதே மூச்சில், இல்லாத குறையைப் போக்கும்படியும் அவர் ஆண்டவரிடம் கதறினார். ஆண்டவர் அவருக்கு முழு விசுவாசம் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. பிள்ளையைக் கைதூக்கி எழுப்பினார்.

யூபிலி ஆண்டில் நாம் செய்யக்கூடியவை சில உண்டு. இரவு செபமாலைக்குப்பின் ஒரு நற்செய்திப் பகுதியை வீட்டில் பிள்ளைகளில் ஒருவர் உரக்க வாசிக்கட்டும். புரியாத இடத்தைக் குறித்து வைத்து, பங்குக் குருவானவரிடமோ மறைக்கல்வி ஆசிரியரிடமோ கேட்கட்டும். கேட்கும் பிள்ளையை யாரும் அதட்ட வேண்டாம். ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்டவர் நம் குடும்பத்திலோ தெருவிலோ இருந்தால், வாதத்துக்குப் போகாமல் நலம் விசாரிக்கப் போவோம். தோமையார் எட்டாம் நாள் வரை அந்த வீட்டில் இருக்க முடிந்தது, உடனிருந்தோர் இடம் கொடுத்ததால்தான். அந்த இடத்தை நம் பங்கும் கொடுக்க வேண்டும்.

பழைய யூபிலியில் கொம்பு ஊதியதும் நிலத்தை இழந்தவன் தன் நிலத்துக்குத் திரும்பினான். விவிலியம் நம் முன்னோர் நமக்கு விட்டுச் சென்ற நிலம். அதை உழாமல் தரிசாகப் போட்டிருப்போர் இந்த ஆண்டில் ஏரைப் பூட்டட்டும். நம் திருத்தூதரான புனித தோமையார் நமக்காக மன்றாடுவாராக.